கடல் புளிக்கவில்லை, ஆனாலும் பவளப்பாறை இளைக்கிறது

குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து ஆழ்கடல் படகுகளுக்கு லட்சத்தீவுக் கடல் பழகிய இடம். சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போட்டு வாரக்கணக்கில் அந்தப் பக்கம் கிடந்துவிட்டு வருகிறவர்களுக்குப் பவளப்பாறையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மலையாளப் பத்திரிகையிலும் இந்தப் பக்கம் தமிழ்ப் பத்திரிகையிலும் ‘கடல் அமிலமாகிறது, பவளம் கரைகிறது’ என்று செய்தி வரும்போது அவர்களுக்கே குழப்பம். படகில் போகும் மாமா ஒருவர் கேட்டார்: “ஆசிட்டுன்னா கை வெந்து போவாதா மக்ளே? நாங்க அந்தத் தண்ணியிலதானே கெடக்கோம்?”

நியாயமான கேள்வி. கடல் அமிலமாக ஆகிவிடவில்லை. இந்த நூற்றாண்டு முடிந்தாலும் ஆகப்போவதில்லை. அதன் காரத்தன்மை குறைந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான். ‘அவ்வளவுதான்’ என்று சொன்னாலும், அந்தக் குறைவே பவளத்துக்கு ஏன் பெரிய தலைவலி என்பதுதான் விஷயம்.

ஒரு திரவம் அமிலமா காரமா என்று சொல்ல பிஎச் என்ற எண் இருக்கிறது. 1909-ல் சோரன்சன் என்ற டென்மார்க் வேதியியலாளர், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தபோது கொண்டுவந்த அளவு அது. 7 என்றால் நடு. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். தொழிற்புரட்சிக்கு முன் கடல் மேற்பரப்பின் சராசரி சுமார் 8.2. இப்போது 8.1 அல்லது அதற்கும் ஒரு மயிரிழை கீழே. புகையை இப்படியே விட்டுக்கொண்டிருந்தால் 2100 வாக்கில் 7.8, 7.7 என்று இறங்கலாம். அப்போதும் 7-க்கு மேல்தான். மாமாவின் கைக்கு ஒன்றும் ஆகாது.

0.1 இறங்கியதற்கா இத்தனை கூச்சல் என்று தோன்றலாம். இந்த அளவுகோலில் ஒரு எண் இறங்கினால், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி நீரில் பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். 0.1 இறங்கினால் ஏறக்குறைய 26 சதவீதம் கூடுதல். உடம்பில் சர்க்கரை அளவு 26 சதவீதம் ஏறினால் யாரும் ‘கொஞ்சம்தானே’ என்று விட்டுவிட மாட்டோம்.

எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல்? காற்றிலிருந்து. நிலக்கரி, டீசல், பெட்ரோல் எரிக்கத் தொடங்குவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் ஆண்டுதோறும் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால்வாசியைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வாங்காமல் இருந்திருந்தால் காற்று இன்னும் சூடாகியிருக்கும். ஒரு வகையில் கடல் நமக்குச் செய்த உபகாரம், அதன் செலவு கடலுக்குள்ளேயே விழுகிறது.

கட்டக் கல் எங்கே போகிறது?

பள்ளியில் செய்துகாட்டும் ஒரு சோதனை உண்டு. சிப்பி ஓட்டை வினிகரில் போட்டால் நுரை கிளம்பி ஓடு கரையும். பார்க்க நன்றாக இருக்கும். கடல் அமிலமாதலை விளக்க அதைக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. வினிகரின் பிஎச் 3-க்கும் கீழே. கடல்நீரோடு ஒப்பிட்டால் அதில் ஹைட்ரஜன் அயனி லட்சம் மடங்குக்கும் அதிகம். கடலில் நடப்பது அந்த மாதிரிக் கரைசல் அல்ல. உயிருள்ள பவளம் கரைந்து ஓடிக்கொண்டிருக்கவில்லை. அது கட்டும் வேலை சிரமமாகிறது.

பவளப்பாறை கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அதாவது சுண்ணாம்பு. பவளம் கட்டும் சுண்ணாம்புப் படிகத்துக்கு அரகோனைட் என்று பெயர். கட்டுவதற்குக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். கடலில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் கார்பனேட்டில். காற்றிலிருந்து இறங்கும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அது உடைந்து ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. அந்த ஹைட்ரஜன் அயனி சும்மா திரியாமல் பக்கத்தில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்து பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. குமரி மாவட்டத்தில் உடைக்கும் கல்லும் எம்-சாண்டும் லாரி லாரியாக எல்லை தாண்டிப் போக, இங்கே வீடு கட்டுகிறவர் விலை கேட்டு மலைத்து நிற்பது நமக்குத் தெரியாததல்ல. கல் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. கட்டுகிறவர் கைக்கு வருவது குறைகிறது, வருவதும் விலை கூடி வருகிறது. பவளத்தின் நிலைமை அதேதான்.

தண்ணீரில் சுண்ணாம்பு படியும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வேதியியலில் பூரித அளவு என்று கணக்கிடுகிறார்கள். 1-க்கு மேல் இருந்தால் படியும், கீழே போனால் கரையும். வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் அரகோனைட்டுக்கான இந்த எண் ஒரு காலத்தில் நாலரை அளவில் இருந்தது. இப்போது நான்கை ஒட்டியும் அதற்குக் கீழும் வந்துவிட்டது. 1-ஐ விட இன்னும் எவ்வளவோ மேலே இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் உலகின் பவளப்பாறைகள் பெரும்பாலும் 3-க்கு மேல் உள்ள நீரில்தான் நன்றாக வளர்ந்து வந்திருக்கின்றன. கரையும் கோட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே வளர்ச்சி தளர்ந்துவிடுகிறது.

ஏன் தளர்கிறது? பவளம் ஒரு விலங்கு. கடல்தாமரைக்கு உறவுக்காரன். சின்னஞ்சிறு உடல், வாயைச் சுற்றி உணர்விழைகள், அடியில் சுண்ணாம்பு இருக்கை. அந்த உடலுக்கும் இருக்கைக்கும் நடுவே மிக மெல்லிய ஒரு திரவப் படலம் இருக்கிறது. சுண்ணாம்பு படிவது அங்கேதான். பவளம் அந்தத் திரவத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை இடைவிடாமல் வெளியே தள்ளி, உள்ளே பிஎச் அளவைக் கடலைவிட உயர்த்தி வைத்துக்கொள்கிறது. வெளியே ஹைட்ரஜன் அயனி கூடக்கூட இந்தத் தள்ளும் வேலை கடினமாகிறது, சக்தி அதிகம் செலவாகிறது. அந்தச் சக்தியில் பெரும்பங்கு பவளத்தின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைத்துத் தருவது. சுண்ணாம்புக்கு அதிகம் செலவிட்டால் முட்டையிட, காயம் ஆற, சூட்டைத் தாங்க மிஞ்சுவது குறையும்.

சரி, சுண்ணாம்பு இல்லாமல் பவளம் இருக்க முடியுமா? 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விசித்திரமான பதில் தந்தது. மத்தியதரைக் கடல் பவளங்களில் இரண்டு வகைகளை பிஎச் 7.4 அளவுள்ள நீரில் வைத்தார்கள். எலும்பு போன்ற கூடு மறைந்தே போனது. பவளம் சாகவில்லை! கடல்தாமரை மாதிரி வெறும் மெல்லுடலாக உயிரோடு இருந்தது. ஒரு வருடம் கழித்துச் சாதாரணக் கடல்நீருக்கு மாற்றியதும் மறுபடி கூடு கட்டத் தொடங்கியது. உயிர் பிழைக்கும், ஆனால் பாறை இருக்காது. பாறையை நம்பி வாழும் மற்ற ஆயிரம் உயிர்களுக்கு அது போதாது. ‘பவளம் அழியுமா’ என்ற கேள்வியைவிட ‘பவளத்தைச் சுற்றிய குடியிருப்பு என்னாகும்’ என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பாறை என்பது ஒரு ஊர்

கடலடிப் பரப்பில் ஒரு சதவீதம்கூடப் பவளப்பாறைகள் இல்லை. ஆனால் கடல்வாழ் இனங்களில் கால்வாசி தன் வாழ்வின் ஏதாவது ஒரு கட்டத்தில் அவற்றை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நண்டு, இறால், சிங்கி இறால், கடல்முள்ளெலி, கலவா, சின்னச் சின்ன வண்ண மீன்கள் எல்லாம் அங்கே பொந்தும் சந்தும் பார்த்துக் குடியேறுகின்றன. முக்கியம் சந்துதான். வழுவழுப்பான மேடு இருந்து பயனில்லை.

இந்த ஊரில் நம் கண்ணில் படாத ஒரு கொத்தனார் உண்டு. பாறைமேல் இளஞ்சிவப்புப் பூச்சு போல் படர்ந்திருக்கும் சுண்ணாம்புப் பாசி. உதிர்ந்த பவளத் துண்டுகளை ஒட்டி இறுக்கிப் பாறையாக்குவது இதன் வேலை. பவளத்தின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து வந்து எங்கே உட்காரலாம் என்று தேடும்போது, பல வகைகள் இந்தப் பாசியின் வாடையைப் பிடித்துத்தான் இடம் தேர்கின்றன. இந்தப் பாசி கட்டும் சுண்ணாம்பு மெக்னீசியம் அதிகம் கலந்த கால்சைட். அரகோனைட்டைவிடச் சுலபமாகக் கரையக்கூடியது. அதனால் பிஎச் இறங்கும்போது முதல் அடி வாங்குகிறவர்களில் இதுவும் ஒன்று. பசை போனால் பாறை தளர்கிறது. குஞ்சுகளுக்கு உட்கார இடமும் போகிறது. ஒரே கல்லில் இரண்டு சேதம்.

இன்னொரு பக்கம் இடிக்கிறவர்கள். பாறையைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் கடற்பஞ்சுகள், புழுக்கள், சுரண்டித் தின்னும் கடல்முள்ளெலிகள், கிளியின் அலகு போன்ற வாயால் பாறையைக் கொறிக்கும் கிளிமீன்கள். (நம் சந்தையில் கிளிமீன் என்று விற்கும் சிவப்பு மீன் வேறு.) இவர்கள் வில்லன்கள் இல்லை. கிளிமீன் பாசியைத் தின்று பவளத்துக்கு இடம் விடுகிறது. அது கொறித்த சுண்ணாம்பு வயிற்றில் அரைபட்டு வெள்ளை மணலாக வெளியே வருகிறது. பெரிய மீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் போடும். நல்ல பாறையில் கட்டுவது இடிப்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அந்த மிச்சத்தில்தான் பாறை உயர்கிறது. பிஎச் இறங்கும்போது கட்டுகிறவர் தளர, துளைக்கும் கடற்பஞ்சுக்கோ வேலை எளிதாகிறது. அது அமிலம் சுரந்து சுண்ணாம்பைச் செதுக்கும் பிராணி, தண்ணீரே பாதி வேலையைச் செய்து கொடுத்தால் அதற்கு லாபம். மிச்சம் மெல்ல மெல்லச் சுழியாகி, அப்புறம் கடனாகிறது.

இது வெறும் தொட்டிச் சோதனை முடிவு இல்லை. பப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடாவில் எரிமலைக் கடலடியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக வெளிவரும் இடங்கள் உள்ளன. தண்ணீர் சூடாக இல்லை, வாயு மட்டும் கூடுதல். எதிர்காலக் கடலை இயற்கையே முன்கூட்டிக் காட்டுகிறது. அங்கே செய்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. பிஎச் 7.8 வரை இறங்கிய இடத்தில் பவளத்தின் மொத்தப் பரப்பு பெரிதாகக் குறையவில்லை. மேலிருந்து படம் எடுத்தால் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். ஆனால் கிளை விட்டு, தட்டு விரித்து வளரும் பவளங்கள் வெகுவாகக் குறைந்து, போரைட்டஸ் என்ற உருண்டைப் பாறாங்கல் வகை இடத்தைப் பிடித்திருந்தது. சந்துகள் போயின, இன வகைகள் குறைந்தன, இளம் பவளங்கள் குறைந்தன, சுண்ணாம்புப் பாசியும் குறைந்தது. கடற்புல்லும் மற்ற பாசிகளும் கூடின. பிஎச் 7.7-க்குக் கீழே பாறையே உருவாகவில்லை. ஊர் காலியாவதற்கு முன் ஏழையாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடத்தை நான் படித்ததில்லை. போரைட்டஸ் நம் மன்னார் வளைகுடாவிலும் லட்சத்தீவிலும் உள்ள வகைதான்.

மீன்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமிலம் கூடிய நீரில் கோமாளி மீன் குஞ்சுகளுக்கு மோப்பம் குழம்பி, எதிரியை நோக்கியே நீந்துகின்றன என்று 2009 முதல் சில ஆய்வுகள் வந்தன. செய்திகளில் அமோகமாக ஓடின. அதே சோதனைகளைப் பவளப்பாறை மீன்களில் பெரிய அளவில் திரும்பச் செய்த இன்னொரு குழு, அப்படிப்பட்ட விளைவு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று 2020-ல் வெளியிட்டது. ஆகவே ‘மீனுக்குப் புத்தி கலங்கும்’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கொஞ்சம் பொறுங்கள். சுண்ணாம்புக் கதைக்கு ஆதாரம் உறுதி, மோப்பக் கதைக்கு அப்படி இல்லை.

சூடும் சேர்ந்தால்

பவளம் வெளுப்பது வேறு சங்கதி. அது வெப்பத்தால் வருவது. தண்ணீர் பல வாரம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் பவளம் தன் நுண்பாசிகளை வெளியேற்றி வெள்ளையாகிவிடும், நீடித்தால் சாகும். 1998, 2010, 2016 என லட்சத்தீவு இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டது. 2024-லும் உலகம் முழுக்கப் பவளம் வெளுத்தது, லட்சத்தீவும் தப்பவில்லை. வெளுப்பு ஒரே கோடையில் கொல்லும், பிஎச் இறக்கம் பத்தாண்டுக் கணக்கில் அரிக்கும். வெளுத்துச் செத்த பாறை மறுபடி எழ புதுக்குஞ்சு உட்கார வேண்டும், வேகமாகக் கட்ட வேண்டும். பிஎச் இறக்கம் கைவைப்பது இந்த இரண்டிலும்தான்.

லட்சத்தீவில் இது வெறும் மீன் பிரச்சினை இல்லை. அந்தத் தீவுகளின் தரையே பவள மணலும் பவளச் சிதறலும்தான். கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான் உயரம். சுற்றியுள்ள பாறை அலையை உடைக்கிறது, புது மணலும் தருகிறது. மினிக்காய் சூரை மீன்பிடியும் பாறையோடு கட்டுண்டது. அங்கே வலை போட்டுச் சூரையை அள்ளுவதில்லை. உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் தூவிச் சூரைக் கூட்டத்தை இழுத்து, கழித்தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார்கள். அந்த இரைமீன் காயலிலும் பாறையை ஒட்டியும் பிடிப்பது. ஆழ்கடல் மீன் என்று நாம் நினைக்கும் சூரை, கையில் சிக்குவதற்கு ஒரு பவளச் சந்து தேவைப்படுகிறது. சூரையில் செய்யும் மாசிக்கருவாட்டுக்கும் அதுதான் அடி.

நம் கரைக்கு வருவோம். குளச்சல், கடியப்பட்டணம் முதல் விழிஞ்ஞம் வரை பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிப்பியும் சுண்ணாம்பு ஓடு கட்டும் பிராணி, அதுவும் பாறையைப் பிடித்திருப்பது நார் போன்ற இழைகளால். அமெரிக்காவின் பசிபிக் கரைச் சிப்பி வகை ஒன்றில் 2013-ல் செய்த ஆய்வில், கார்பன் டை ஆக்சைடு கூடிய நீரில் உருவான இழைகள் வலுக்குறைந்து இருந்தன. நம் சிப்பி வேறு இனம், அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனால் நம் கடலுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஆடி ஆவணியில், கேரளக் கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழும். சாளைக்கு இரை பெருகுவது அதனால்தான். அந்த அடிநீரில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம், பிஎச் இயல்பாகவே தாழ்ந்தது. சில மாதம் தாழ்ந்த பிஎச் பார்த்துப் பழகிய கரை இது. பழகியதால் தாங்குமா, ஏற்கெனவே விளிம்பில் இருப்பதால் சீக்கிரம் அடிபடுமா என்பதில் என் சாய்வு இரண்டாவது பக்கம்தான்.

மன்னார் வளைகுடாவுக்கு வேறு காயம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் எண்ணப்பட்டன. பல காலம் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிய பிறகு வெட்டு அடங்கியது. பாறை போனால் தீவு போகும் என்பதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை.

சுண்ணாம்பையே கடலில் கொட்டினால்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வர வேண்டியதுதான். காரம் குறைகிறது என்றால் காரம் சேர்த்துவிடலாமே? ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒன் ட்ரீ தீவில் செய்து பார்த்திருக்கிறார்கள். பாறைமேல் ஓடும் தண்ணீரில் காரம் கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலைக்குக் கொண்டுபோனபோது, பாறை கட்டும் வேகம் சுமார் 7 சதவீதம் கூடியது. இது 2016-ல் வெளிவந்தது. அதே இடத்தில் எதிர்மாறாக, நூற்றாண்டு இறுதியில் வரக்கூடிய அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தபோது 34 சதவீதம் விழுந்தது. இது 2018-ல். தொட்டியில் இல்லை, உயிருள்ள பாறையில். பிஎச் இறக்கம் ஏற்கெனவே பாறையின் வேகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு இவ்வளவு நேரடியான சான்று அதற்கு முன் இல்லை.

ஆனால் அது ஒரு சிறு பாறைத்தட்டு. அலை வந்தால் காரம் அடித்துப் போகும், நிறுத்தினால் பலன் நின்றுவிடும். கடல் முழுவதற்கும் என்றால் மலை மலையாகச் சுண்ணாம்பு வேண்டும். அது எப்படிக் கிடைக்கும்? சூளையில் சுட்டுத்தான். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும், மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போகும். விறகோ நிலக்கரியோ எரித்த புகை தனி. அந்த 56 கிலோ கடலில் போய் ஏட்டுக்கணக்கில் அதிகபட்சம் 88 கிலோ கார்பன் டை ஆக்சைடை வாங்கும், நடைமுறையில் அதைவிடக் குறைவு. சூளையின் 44 கிலோவையும் எரிபொருள் புகையையும் வாயிலேயே பிடித்துப் பூமிக்குள் அடைத்தால் கணக்கில் நல்ல மிச்சம் நிற்கும். புகைபோக்கியைத் திறந்துவிட்டுச் சுட்டால், பாதியைச் சூளையே தின்றுவிடும். மீதியை நிலக்கரியும் லாரியும் கப்பலும் பங்குபோட்டுக்கொள்ளும்.